‘அழுகை’ என்று மட்டும் எழுதியிருந்த தாள்

பதினெட்டு ஆண்டுகளாகப் படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்துவருகிறேன். அருவாள் தூக்கும் கிராமத்துப் படம் என்றால் தங்கை, அண்ணி, முறைப்பெண் வேடங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். “அண்ணே, வேண்டாம்ணே” என்று எத்தனை படங்களில் கதறியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கதை முழுக்க அந்தப் பெண்ணின் மானத்தைச் சுற்றித்தான் நடக்கும். ஆனால் அவளுக்குரிய தாளைப் புரட்டினால் ஆறேழு வரிதான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் பேசி முடித்து வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

2016 மார்ச்சில் சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவு. வேறு சாதிப் பையனை விரும்பிய தங்கையை, கல்யாண மண்டபத்து வாசலில் அண்ணன் கையைப் பிடித்து இழுத்து வருகிறான். அவளுக்கு வசனமே கிடையாது. தாளில் ‘அழுகை’ என்று ஒரே சொல். திரையில் உதடு அசையவில்லை. தொண்டைக்குழி மட்டும் ஏறி இறங்குகிறது. எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறாள், எந்த இடத்தில் அடக்குகிறாள் என்று பார்த்துப் பார்த்து விம்மினேன். நான்கு டேக் ஆயிற்று. கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயக்குநர் சொன்னார்: “அம்மா, இதில் எதிர்ப்பு தெரிகிறது. தப்பு செய்துவிட்டோமே என்று அழுவது போல வேண்டும்.” கெட்ட மனிதர் இல்லை அவர். ஐந்தாவது டேக்கில் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டேன்.

அதே வாரம்தான் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டினார்கள். சங்கர் இறந்துபோனார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சிக்கு ஒலி இல்லை. எனக்கு மட்டும் அதில் என் ஐந்தாவது டேக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். எந்தத் தாளிலும் நான் பார்த்திராத வசனம் அது.

நம் படங்களில் வரும் குடும்பப் பாசத்தை நான் ஒருநாளும் இளப்பமாகப் பேச மாட்டேன். எம்.ஜி.ஆர். படத் தலைப்புகளிலேயே தாய் இருந்தாள்: ‘தாய்க்குப் பின் தாரம்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’. சண்டைக்குப் புறப்படும் மகன் வாசற்படியில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கண் கலங்கும். பந்தியில் கடைசி ஆள் எழும்வரை தன் இலையை மடிக்காத பெரியவரும் அந்தப் படங்களில்தான் இருக்கிறார். அந்தப் பாசம் எந்த இடத்தில் காவலாக மாறுகிறது என்பதுதான் என் கவலை.

‘தேவர் மகன்’ (1992) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஓடிப்போனதும் பெண்ணின் மானம் காக்க நாயகன் சக்தி தாலி கட்டுகிறான். அந்தப் பெண் பஞ்சவர்ணம் பேசுவது கொஞ்சம்தான். முகத்தாலேயே நடித்துக்காட்டிய ரேவதிக்குத் தேசிய விருது கிடைத்தது. வெட்டியவனைக் கொண்டாடாமல், வெட்டுக்குத்து வேண்டாம் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து முடிந்த படம் அது. பின்னால் வந்த பலர் மீசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அந்த முடிவை விட்டுவிட்டார்கள். 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. ஒடுக்கப்பட்ட சாதி மாணவன் பரியனோடு அன்பாகப் பழகுகிறாள் உடன் படிக்கும் ஜோ. அவள் குடும்பம் கௌரவத்தின் பெயரால் அவனைப் படுத்தும் பாடு எதுவும் கடைசிவரை ஜோவுக்குத் தெரியாது. அவள் பெயரால் நடப்பது அவளுக்கே தெரியவில்லை! இருட்டில் உட்கார்ந்து நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தாளில் ‘அழுகை’ என்று இருந்தால் மைக் முன் நிற்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: இவள் யாரை நினைத்து அழுகிறாள்? பெரும்பாலும் பதில் வராது. போன மாதம் ஓர் இளம் உதவி இயக்குநர் சற்று யோசித்து, பேனாவை எடுத்து ஒரு வரி எழுதித் தந்தார்: “என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா அண்ணே?” நடிகையின் உதட்டோடு அது பொருந்தவில்லை. அவள் முதுகைக் காட்டி நிற்கும் ஷாட் ஒன்று இருந்தது. அதில் வைத்துப் பேசினேன்.