ரன்னிங் ஒயர்

23.11.2020, திங்கள்
காஸ்டிங், அதாவது அடக்கச் செலவுக் கணக்கு வகுப்பில் இன்று தூங்கவில்லை. போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, கூடை போட பெரியம்மா அளந்து வெட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் ஒயர்களோடு உட்கார்ந்தேன். சாதா முடிச்சுதான். ஒன்றை மடக்கி வளையமாக்கி, அடுத்ததை அதைச் சுற்றிக் கொண்டுவந்து உள்ளே விட்டு இழுக்க வேண்டும். நான்கு முனையும் நான்கு பக்கம் நிற்க வேண்டும், முடிச்சு சப்பையாக, சதுரமாக உட்கார வேண்டும். கோணலாக இருந்தால் பெரியம்மா ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துவிடுவார். கை ஓட ஓட, நிலையான செலவு, மாறும் செலவு என்று சார் சொன்னதெல்லாம் காதில் தங்கிவிட்டது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தால் விரல் தானாக வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கும்.

குவைத்தில் இருக்கும் அப்பாவுக்குக் காலையில் அனுப்பியது ஒற்றை டிக்.

24.11.2020
நாளைக்கு லீவு விட்டுவிட்டார்கள். புயல் வருகிறது, நிவராம் பெயர்.

26.11.2020, வியாழன்
நடுராத்திரியில் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. இங்கே சிதம்பரத்தில் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான். அதை வகுப்புக்கு வைப்பதா அப்பாவுக்கு வைப்பதா என்று கேட்க வேண்டுமா என்ன? மெழுகுவத்தி வெளிச்சத்தில் பச்சை எது, நீலம் எது என்று தெரியாததால் கூடையை மூலையில் வைத்துவிட்டேன்.

30.11.2020
இரண்டு டிக். நீலமாகவில்லை.

1.12.2020, செவ்வாய்
சிவன் கண் முடிச்சு போட்டுப் பார்த்தேன். அதற்கும் காஸ்டிங்குக்கும் ஆகவே ஆகாது. எந்த நிறம் மேலே, எது கீழே என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சார் ஒரு கணக்கை முடித்து அடுத்ததற்குப் போனதே தெரியவில்லை. வகுப்புக்குச் சாதா முடிச்சு, ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவன் கண். நெல்லிக்காய் முடிச்சு கை பழகும்வரை தள்ளியே இருக்கட்டும். கணக்கு போடும்போது எதுவுமே கூடாது, பேனா மட்டும்தான். பாடத்தை வெறுமனே வாசித்துக்கொண்டு போகும் வகுப்புகள்தான் கூடைக்கு லாயக்கு. அப்படிப்பட்ட வகுப்புகளுக்கு நம்மிடம் பஞ்சமா?

4.12.2020
அடுத்த புயல், புரெவி. நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நிற்கிறது. நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. தம்பி கல்வித் தொலைக்காட்சியில் பத்தாம் வகுப்புப் பாடம் பார்க்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான், டிவியே ஓடவில்லை.

7.12.2020, திங்கள்
மூன்றாம் வருட அக்காக்களுக்கு இன்று கல்லூரி திறந்தாகிவிட்டது. எங்களுக்கு இன்னும் போன்தான்.

சார் திடீரென்று கேமராவைப் போடச் சொன்னார். "கை என்னம்மா ஆடிக்கிட்டே இருக்கு?" என்றார். கூடையைத் தூக்கிக் காட்டினேன். "சரி, பிரேக் ஈவன் பாயின்ட்னா என்ன, சொல்லு." சொன்னேன். "ம், போடு போடு" என்றார். வணிகச் சட்டம் எடுக்கும் மேடமாக இருந்தால் இந்நேரம் அம்மாவுக்குப் போன் போயிருக்கும்.

ஊர் திரும்பும் விமானப் பட்டியலில் அப்பாவின் பெயர் இன்றும் இல்லை.

11.12.2020
பெரியம்மா மகன் ஒரு செய்தி அனுப்பினான். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்து ஜாக்கி ஆன்ட்ரேட் 2009-இல் செய்த ஆய்வு. சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவு ஒன்றை 40 பேரைக் கேட்க வைத்தார். அதில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டே காகிதத்தில் இருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் தீட்ட வேண்டும். அப்படித் தீட்டியவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்ததாம். "உன் கூடைக்கு சர்டிபிகேட்" என்று எழுதியிருந்தான். தீட்டுவதும் கூடையும் ஒன்றா? ஆனாலும், தீட்டுவதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது சாதா முடிச்சுக்கும் பொருந்தும்தான். பெரியம்மாவிடம் சொன்னேன். "ரேடியோவில் நாடகம் கேட்டுக்கிட்டே நாங்க எத்தனை கூடை போட்டிருக்கோம், இதுக்கு ஆராய்ச்சியா" என்றார்.

17.12.2020
மார்கழி பிறந்தாயிற்று. அம்மா வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து, துடைப்பத்தில் ஒயர் துண்டாக வருகிறது என்று திட்டினாள்.

எதிர்வீட்டு டீச்சர் ஒரு கூடை கேட்டிருக்கிறார். 350 ரூபாய். ஒயரும் கைப்பிடி டியூபும் சேர்த்து 190. ஆகப் பங்களிப்பு, அதாவது ஒரு கூடையில் மிஞ்சுவது, 160. நெட் ரீசார்ஜ் 249, கத்தரிக்கோல் 71, நிலையான செலவு மொத்தம் 320. இரண்டு கூடை விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, அதுதான் பிரேக் ஈவன் பாயின்ட். புத்தகத்தில் படித்துப் படித்து ஏறாதது இந்தக் கூடையில் ஏறிவிட்டது. என் கூலியை எங்கே சேர்ப்பது என்று சாரிடம் கேட்க வேண்டும்.

21.12.2020, திங்கள்
புது வகை கொரோனா என்று குவைத் விமான நிலையத்தை மூடுகிறார்களாம். ஜனவரி 1 வரை.

22.12.2020
கை ஓடியது. காதில் ஒன்றும் ஏறவில்லை.

30.12.2020
ஆருத்ரா. அம்மா களி கிண்டினாள். அப்பா வீடியோவில் வந்தார், முகம் இளைத்திருக்கிறது. "என்னம்மா அது, கூடையா? எனக்கு ஒண்ணு எடுத்து வை, டிபன் வைக்கிற அளவுல" என்றார். எப்போது வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முன்பே கட்டாகிவிட்டது.

2.1.2021
குவைத் விமான நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். பட்டியல்?

11.1.2021
கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. இலவசம் என்று நேற்று அறிவிப்பு. கிடைத்தால் நிலையான செலவில் 249 குறையும். அப்போது முதல் கூடையிலேயே லாபம்.

19.1.2021, செவ்வாய்
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்துவிட்டது. தம்பி காலையிலேயே கிளம்பிப் போனான். போன் முழுக்க எனக்கு. டிபன் கூடைக்கு அடிப்பாகம் முடிந்தது, பக்கம் ஏற்ற, கூடையைச் சுற்றி ஓடும் ரன்னிங் ஒயர் சிவப்பில் போதாது. கீழவீதிக் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். நாளை ஒன்பதரைக்கு மார்ஜினல் காஸ்டிங் டெஸ்ட், கூடை கிடையாது. அப்பாவுக்குக் கொரோனா டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார்களாம், ரிசல்ட் வந்தால்தான் டிக்கெட்டு.