தேசிய நூலகம் யார் பொறுப்பில்?

தேசிய நூலகத்தைப் பெரிய வாசகசாலை என்று மட்டும் நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரவல் கொடுப்பது அதன் முதல் வேலையே அல்ல. நாட்டில் அச்சாவதையெல்லாம் தரம் பாராமல் சேர்த்துக் காப்பதுதான் அதன் வேலை. அச்சாகும் நூலின் ஒரு பிரதி அரச நூலகத்துக்கு வர வேண்டும் என்று பிரான்சில் மன்னர் முதலாம் பிரான்சுவா 1537-லேயே ஆணையிட்டார். யாரும் வாங்காத கவிதைத் தொகுப்பு, தேர்தல் துண்டறிக்கை என எல்லாமே வேண்டும். நூறு ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் எதைத் தேடுவார் என்று இன்று யாருக்குத் தெரியும்?

இவ்வளவு பெரிய பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் என் கவலையெல்லாம். பிரிட்டன் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வாரியத்திடம் கொடுத்தது. அமெரிக்காவில் தேசிய நூலகமாகவே இயங்கும் காங்கிரஸ் நூலகத்தின் தலைவரை ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. பதவிக்காலம் 10 ஆண்டு என்று 2015-இல் சட்டமும் வந்தது. அப்படியிருந்தும் 2025 மே மாதம் அந்தப் பதவியிலிருந்த கார்லா ஹேடன் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். மனம் ஆறவில்லை.

அரசு பணம் தரட்டும், கணக்கும் கேட்கட்டும். ஆனால் வாரியத்தில் பாதிப்பேராவது நூலகர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்க வேண்டும். அவர்களை நீக்குவதென்றால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும்.