என் மகனுக்கும் அண்ணன் மகளுக்கும் ஒரே ஆபரேஷன்

சிறுநீரகத்தில் அடைப்பு என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டால், பிள்ளையின் அம்மாமார் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "ஆம்பளப் பிள்ளைக்கும் பொம்பளப் பிள்ளைக்கும் வேற வேற மாதிரியா செய்வாங்க?" எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் வாட்டில் துணைக்கு நின்றவள் நான். முதலில் என் மகன், அவன் கைக்குழந்தையாக இருந்தபோது. பிறகு என் அண்ணன் மகள், ஒன்பது வயதில். அண்ணி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்ததால் அந்தப் பிள்ளையோடு நான்தான் போனேன். சிறுவர் வாட்டில் ராத்திரிக்கு ஆண்கள் தங்க முடியாது.

ஆபரேஷன் ஒன்றேதான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாய், தொடங்குகிற இடத்திலேயே குறுகிப் போயிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பகுதியைச் சிறுநீரகத்தின் பையோடு அகலமாகச் சேர்த்துத் தைக்கிறார்கள். பைலோபிளாஸ்டி என்று பெயர். 1949இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இரண்டு பிரித்தானிய மருத்துவர்கள் எழுதி வைத்த முறை இன்றும் பரவலாக நடக்கிறது. இந்த அடைப்பு ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது, இடப்பக்கம்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இடப்பக்கம்தான். வித்தியாசம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்தான் இருந்தது.

மகனுடையது வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இடது சிறுநீரகம் நன்றாகவே வீங்கியிருந்தது, வலதிலும் கொஞ்சம். பிறந்த அன்றே ஸ்கேன் செய்யச் சொல்லி நான் நச்சரித்தேன். முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகத்தான் ஊறும், அதனால் வீக்கம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியலாம், ஒரு வாரம் போகட்டும் என்றார்கள்.

அவன் ஆண் என்பதால் இன்னொரு சோதனையும் வந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, வெளியே வரும் பாதையில் ஒரு மெல்லிய சவ்வு மறித்துக்கொண்டு நிற்கிற கோளாறு ஆண் குழந்தைகளுக்கு மட்டும் உண்டு. இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் அதுதானா என்று கட்டாயம் பார்ப்பார்கள். குறி வழியாக மெல்லிய டியூப் விட்டு, சிறுநீர்ப்பைக்குள் சாயம் ஏற்றி, அவன் பெய்யும்போதே எக்ஸ்ரே எடுத்தார்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. சவ்வு இல்லை. பிள்ளை நீர் பெய்வது ஒரே வீச்சாக வருகிறதா, சொட்டுச் சொட்டாக விழுகிறதா என்று கவனிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். பெண் பிள்ளைக்கு இந்தக் கோளாறு வராது. அண்ணன் மகளுக்கு இந்தப் படமே எடுக்கவில்லை.

பிறகு பேராதனை ஆஸ்பத்திரியில் ரீனோகிராம். கையில் ஊசி ஏற்றி, எந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, மருந்து எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு பக்கமும் பாதிக்குப் பாதி செய்ய வேண்டும். மகனுக்கு இடப்பக்கம் முதலில் 43 சதவீதம், அடுத்த தடவை 35. நாற்பதுக்குக் கீழே இறங்கியதும் நாள் கொடுத்துவிட்டார்கள். அதுவரை ராத்திரியில் கொஞ்சம் அன்டிபயாட்டிக் பாணி. முதல் வயதுக்குள் சிறுநீர்க் கிருமித்தொற்று ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருமாம், அதற்குப் பிறகுதான் பெண் பிள்ளைகள் முந்திக்கொள்வது.

அண்ணன் மகளின் கதை வேறு. அவளுக்கு விட்டு விட்டு விலாப்பக்கம் வலிக்கும், வாந்தி எடுப்பாள், அரை நாளில் சரியாகிவிடும். தேயிலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து டிஸ்பென்சரியில், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், அடுத்த முறை கேஸ்ட்ரிக் மாத்திரை. எங்கள் அம்மாவோ, "புள்ள பெரிய மனுசியாகப் போகுது, அதான் இடுப்பு வலிக்குது" என்று வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தார். லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒரு பையன் இப்படிச் சுருண்டு படுத்திருந்தால் யாராவது முதல் தடவையே ஆஸ்பத்திரிக்கு என்று ஹட்டன் பஸ்ஸில் ஏற்றியிருப்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்த நாளில் வலி கூடுகிறது என்பதை அவளேதான் கவனித்துச் சொன்னாள். அதுதான் இந்த நோயின் அடையாளம் என்று பிறகு டாக்டர் பாராட்டினார். சிறுநீரகத்துக்குப் போகும் ஓர் இரத்தக்குழாய் குறுக்கே கிடந்து, சிறுநீர் இறங்கும் குழாயை அவ்வப்போது மடித்து வைத்திருந்தது. ரீனோகிராம் எடுத்தபோது இடப்பக்கம் 28 சதவீதம்தான்.

அடுத்தது தழும்பு. மகனுக்கு விலாவுக்குக் கீழே கிழிப்பார்கள் என்றதும் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு என்றதும் லயமே கூடிவிட்டது. நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா, பிள்ளை பெறுவாளா? அண்ணன் கையெழுத்துப் போடத் தயங்கி, ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலையையும் கூலியையும், விட்டுவிட்டு வந்து டாக்டரிடமே கேட்டார். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கிழிப்பது முதுகுக்கும் விலாவுக்கும் நடுவில், கர்ப்பப்பை இருப்பது எங்கேயோ கீழே. பிள்ளை பெறுவதற்கு இது தடையில்லை, வயிற்றில் பிள்ளை வந்தால் இந்த ஆபரேஷனைப் பற்றி மிட்வைஃபிடம் சொல்லி, சிறுநீரகத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டால் சரி என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அம்மாவுக்குத்தான் கடைசி வரை திருப்தி இல்லை.

ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் போக டியூப் போட்டிருப்பார்கள். மகன் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். இரண்டு நெப்பி கட்டி, மேல் நெப்பிக்குள் டியூபை விட்டுத்தான் சமாளித்தோம். அண்ணன் மகளுக்கு வலியைவிட வெட்கம் பெரிது. டியூபைப் பார்க்க ஆண் யாராவது வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். நான் போய் வாட்டு நர்ஸ் மிஸ்ஸிடம் சொன்னேன். அதற்குப் பிறகு திரையை இழுத்துவிட்டு மிஸ்ஸே வந்து பார்த்தார். கேட்டால் செய்துகொடுக்கிறார்கள், வெட்கப்பட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அந்த வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்பதை முன்னாலேயே அவளிடமே சொல்லிவிடுவதும் நல்லது. முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை இரண்டு தைத்துக் கொண்டுபோனேன், அது ரொம்ப உதவியது. கால்சட்டை வேண்டாம்.

உள்ளே இன்னொரு டியூப், ஸ்டென்ட், சில வாரங்கள் இருக்கும். பிறகு மறுபடியும் மயக்கி, சிறுநீர்ப் பாதை வழியாக எடுப்பார்கள். பெண் பிள்ளைக்கு அந்தப் பாதை குட்டை என்பதால் அது சுலபமாக முடிந்துவிடும், ஆனால் மயக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எடுக்கும் திகதியைக் கிளினிக் கொப்பியில் பெரிதாக எழுதி வாங்குங்கள். விட்டுவிட்டால் அதில் உப்புப் படிந்து பெரிய தொல்லையாகிவிடும். ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி முட்டும், சிறுநீர் கொஞ்சம் சிவந்தும் வரலாம். கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுங்கும்போது விலாவுக்குத் தலையணை கொடுத்துப் பிடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு மகனோடு பெரிய வேலை இல்லை. அவளோடுதான் மல்லுக்கட்டு. எரியும் என்ற பயத்தில் அடக்கி வைத்தாள். ஸ்கூல் கழிவறைக்குக் கதவுக் கொண்டி இல்லை, அதனால் முன்பிருந்தே வீட்டுக்கு வரும்வரை போகாத பழக்கம் வேறு. அடக்கினால் தொற்று வரும், மலச்சிக்கல் இருந்தாலும் வரும். தினமும் பப்பாசி, நேரம் பார்த்துத் தண்ணீர், கழுவுவது முன்னிருந்து பின்னாக. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி டீச்சரிடம் கொடுத்தேன், பிள்ளை கேட்டவுடன் அனுப்ப வேண்டும் என்று. டீச்சர் அதோடு நிற்காமல் அதிபரிடம் பேசி, பெண் பிள்ளைகள் பக்கத்துக்கு ஒரு கொண்டி போட வைத்தார். அடுத்த ரீனோகிராமில் 31 வந்தது. போனது முழுதாகத் திரும்பாது, இனிக் குறையாமல் இருந்தாலே போதும் என்கிறார் டாக்டர். மகனுக்கு 38இல் நிற்கிறது. இரண்டு பேருக்கும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் தொடர்கிறது.