மகளின் ராக்கெட் போட்டி: உயரம் சுலபம், நேரம்தான் கஷ்டம்

அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டியான அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்சுக்காக மகளின் பள்ளி அணியோடு இந்த வருடம் முழுக்க மைதானம் மைதானமாக அலைந்தேன், அடுத்து இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். ராக்கெட் ஒரு பச்சை முட்டையைச் சுமந்துகொண்டு சொன்ன உயரத்துக்குப் போய், கூடாமல் குறையாமல் சொன்ன நொடிகளில் தரையிறங்க வேண்டும், முட்டையில் கீறல் விழக்கூடாது. இலக்கு வருடாவருடம் மாறும். 800 அடியை ஒட்டி உயரம், 40 நொடிகளுக்குச் சற்று மேல் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி தவறினால் 1 புள்ளி, ஒரு நொடி தவறினால் 4 புள்ளி, குறைந்த புள்ளிக்காரர்களுக்கே வெற்றி.

வடிவமைப்புக்கு ஓப்பன்ராக்கெட் மென்பொருள் போதும், இலவசம். ஈர்ப்பு மையம் (ராக்கெட் சமநிலையில் நிற்கும் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) முன்னால், மூக்குப் பக்கமாக, ராக்கெட் குழாயின் விட்டம் அளவுக்காவது தள்ளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் நேரே ஏறாமல் வானத்திலேயே புரளும். மென்பொருள் காட்டும் உயரத்தை அப்படியே நம்ப முடியாது. பசை, பெயின்ட் எல்லாம் எடைதான், வெயில் நாளில் காற்றின் அடர்த்தி குறைந்து ராக்கெட் கூடுதலாக ஏறும், காற்று வீசினால் அது வரும் திசைக்கே மூக்கைத் திருப்பி உயரத்தை இழக்கும். ஒவ்வொரு முறையும் ஏவுவதற்கு முன் டிஜிட்டல் தராசில் பார்த்த எடை, வெப்பநிலை, காற்று மூன்றையும் நோட்டில் குறித்தோம். கொஞ்ச நாளில் பிள்ளைகள் நோட்டைப் பார்த்தே, "இன்னைக்கு உயரம் கூடிடும், எடைக்கு சில கிராம் களிமண் கூட்டலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அது அநேகமாகச் சரியாகவும் இருந்தது.

தரையிறங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாராசூட்தான் உண்மையான தலைவலி. குளிரான ஒரு காலையில் பிளாஸ்டிக் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு, பாராசூட் விரியாமல் பொட்டலமாகவே விழுந்தது. முட்டை வைத்திருந்த மூக்குக் கூம்பைத் திறந்தால் பஞ்சு முழுக்க மஞ்சள் கரு. அப்புறம் மடிக்கும்போது டால்கம் பவுடர் தூவினோம், எப்போதும் ஒரே பிள்ளைதான் ஒரே மாதிரி மடிக்க வேண்டும் என்று வைத்தோம். நேரம் கூடினால் கயிறுகளைச் சேர்த்துக் கட்டி விரிப்பைச் சுருக்குவோம். சூடான காற்று மேலெழும் மதியத்தில் இது எதுவும் எடுபடாது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

தகுதிச் சுற்றுக்கு மூன்று முறை ஏவலாம், சிறந்த இரண்டைக் கூட்டி முதல் 100 அணிகளை வர்ஜீனியா இறுதிப் போட்டிக்கு அழைப்பார்கள். சோதனைக்கும் தகுதிச் சுற்றுக்கும் சேர்த்து மோட்டார்களை ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்கி வைத்துவிடுங்கள், தொகுதி மாறினால் உயரமும் மாறலாம்.