தம்பி வீடு திரும்பிய பின்: சில நாட்குறிப்புகள்

ஆகஸ்ட் 3, 2024, சனி. கும்பகோணம்.

ஆடிப்பெருக்கு என்பதால் அம்மா சித்ரான்னங்களைச் செய்து மூடி வைத்துவிட்டு, தம்பி எழுந்து வரக் காத்திருந்தார். இரவு மாத்திரையின் அசதியில் அவன் ஒன்பதரை மணிக்கு மேல்தான் வந்தான். திண்ணையில் இருந்தபடியே அப்பா, "மகாராஜாவுக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? அதே நீல டிசர்ட்டை நாலு நாளா மாட்டிக்கிட்டுத் திரியிறான், பாரு" என்றார். தம்பி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். அம்மா கையில் தட்டுடன் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். மனச்சிதைவு நோய்க்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்து இன்று ஆறாம் நாள்.

அப்பாவுக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாலையில் தாமே கடைத்தெருவுக்கு நடந்துபோய், அவனுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜியை வாங்கிவந்து, வாய் திறக்காமல் மேசையில் வைத்தார்.

ஆகஸ்ட் 8, வியாழன்.

மருத்துவமனையின் சமூகப் பணியாளர் எங்கள் நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார். "ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு, தம்பி?" என்று அவர் கேட்க, "நல்லாத் தூங்குறான்மா" என்றார் அம்மா. பசியைப் பற்றிய கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு முன் சமூகப் பணியாளர் தம் நாற்காலியைத் தம்பியின் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்கும் அம்மாவிடமிருந்துதான் பதில் வந்தது.

பிறகு அவர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ வாழ்க்கைத் துணையிடமோ திரும்பியவர்களுக்கு, வாடகை அறைகளில் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்பியதைக் கண்டாராம். அதைத் தொடர்ந்து, வீட்டில் இருப்பவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசும்போது வெளிப்படும் குறைகூறலையும் பகைமையையும் அளவுமீறிய தலையீட்டையும் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 1976இல் வெளிவந்த ஆய்வில், அப்படிப்பட்ட உறவினரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருக்க நேர்ந்து, மருந்தும் எடுக்காதவர்களுக்கே நோய் மிக அதிகமாகத் திரும்பியது. சண்டிகரில் நடந்த இதேபோன்ற ஆய்வு 1987இல் வெளியானபோது, அங்குள்ள குடும்பங்களில் இப்படிக் குறைகூறித் தலையிடும் போக்கு லண்டனைவிடக் குறைவு என்று தெரியவந்தது என்றார். அதைக் கேட்டு அப்பா சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருளில்லை என்பதை அவர் இருமுறை சொன்னார். எனக்கு உறைத்தது வேறொன்று: வீட்டார் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை, காதில் குரல் கேட்பது போன்றவற்றைப் பற்றியவை அல்லவாம், தூங்கிக்கொண்டே இருப்பது, குளிக்காதது, வேலைக்குப் போகாதது பற்றியவைதானாம். குரல் கேட்டால் நோய் என்கிறோம், படுத்துக் கிடந்தால் சோம்பல் என்கிறோம். இரண்டுமே நோயின் பகுதி என்பதை இத்தனை மாதமாக நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்.

வீட்டுப்பாடமாக, குறையைக் கோரிக்கையாக மாற்றிச் சொல்லும் பயிற்சி தரப்பட்டிருந்தது: நீ இன்னது செய்தால் எனக்கு இப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய அப்பா, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் அதைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "நீ காலையில் என்னுடன் அமர்ந்து காபி அருந்தினால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்."

"ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி இருக்குப்பா" என்றான் தம்பி. அவன் சிரித்து நான் பார்த்தே பல மாதங்கள் ஆகின்றன.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் 'எனக்கு மகிழ்ச்சி' என்று தகப்பன் பிள்ளையிடம் சொல்வதில்லை. நேருக்கு நேர் பாராட்டினால் கண்பட்டுவிடும் என்றே வளர்ந்திருக்கிறோம். வேறு மொழியில் பிறந்த வாக்கியத்தை அப்படியே தூக்கிவந்தால் அப்பாவின் வாயில் அது நிற்காது. ஆனாலும் அந்தத் தாளை அவர் கிழித்துப் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்.

காலை எட்டே முக்கால். அப்பா அறை வாசலில் நின்று, "டேய், காபி ஆறுது, வாடா" என்றார். அவ்வளவுதான், மகாராஜா இல்லை. தம்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அப்பா தம் டம்ளரையும் தொடாமல் வைத்திருந்தார்.

செப்டம்பர் 7, சனி.

பிள்ளையார் சதுர்த்திக்கு அத்தை வந்திருந்தார். கொழுக்கட்டையைக் கையில் வாங்கியபடியே, "இப்ப எப்படிடா இருக்க?" என்று தம்பியைக் கேட்டார். அம்மா வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தில் இருந்த பூரணத்தைக் கிளறத் தொடங்கினார். யாரும் பேசாத அந்த அரை நிமிடம் எங்கள் கூடத்தில் மிக நீளமாக இருந்தது.

"பரவாயில்ல அத்தை" என்றான் தம்பி. சற்றுப் பொறுத்து, "கைதான் நடுங்குது. சட்டைப் பொத்தான் போட வரல. அதான் டிசர்ட்டையே போட்டுக்கறேன்" என்றான்.

அப்பா அவனுடைய நீல டிசர்ட்டைப் பார்த்தார், பிறகு கைகளைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றில் இதை முதலாவதாகக் குறித்து வைத்தேன்.