நெட் தேர்வில் நிறுவன நடத்தையியல்: ஆண்டுகளை ஒப்பிக்காமல் படித்த விதம்

மேலாண்மைப் பாடத்தில் யுஜிசி நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதுகிறவர்களில் பலர், பாடத்திட்டத்தின் இரண்டாம் அலகில் வரும் நிறுவன நடத்தையியலை (பணியிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிய படிப்பை) 'கதை மாதிரிதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓரம் கட்டிவிட்டு நிதி மேலாண்மையிலும் புள்ளியியலிலும் மூழ்கிவிடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஒரு வழிகாட்டி நூலைப் புரட்டி, ஊக்கக் கோட்பாடுகளைத் தந்தவர்களை மாஸ்லோ 1943, ஹெர்ஸ்பெர்க் 1959, மெக்ரிகர் 1960, வ்ரூம் 1964 என்று ஒப்பிக்கிறார்கள். பொருத்துக வகைக் கேள்வி வந்ததும் ஹெர்ஸ்பெர்க்கும் வ்ரூமும் இடம் மாறிவிடுகிறார்கள். நான் அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் பின்னால் உள்ள ஆய்வு எங்கே நடந்தது, யாரை வைத்து நடந்தது, அங்கே என்ன நேர்ந்தது என்று தேடிப் படித்தேன். ஆண்டுகள் தாமாகவே மனத்தில் தங்கின.

முதலில் ஹாதார்ன். சிகாகோவை ஒட்டிய சிசெரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் நடத்திய தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை அது. 1924 முதல் 1927 வரை விளக்கொளிச் சோதனை. 1927இல் தொடங்கிய, ரிலே (தொலைபேசி இணைப்பகத்தின் சிறு மின் கருவி) பொருத்தும் அறைச் சோதனை. 1928 முதல் 1930 வரை சுமார் 21,000 தொழிலாளர்களிடம் நேர்காணல். 1931 நவம்பர் முதல் 1932 மே வரை கம்பி இணைப்பு அறையில் அவதானிப்பு. இந்த நான்கையும் கால வரிசையில் அடுக்கச் சொல்லும் கேள்விக்கு இவ்வளவு போதும். ஆனால் 'கூற்று – காரணம்' வகைக் கேள்விக்குப் போதாது.

ரிலே அறையில் ஐந்து பெண்கள் ரிலேக்களைப் பொருத்தினார்கள், ஆறாவது பெண் உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுத்தார். ஓய்வு நேரமும் வேலை நேரமும் மாற்றி மாற்றிப் பார்க்கப்பட்டன. கடைசியில் ஓய்வை அறவே நீக்கிப் பழைய முழு வாரத்துக்குத் திரும்பியபோதும் உற்பத்தி உயர்ந்தே இருந்தது. 'கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம்' என்று பாடநூல்கள் அத்துடன் முடித்துக்கொள்கின்றன. அவை அவசரமாகத் தாண்டிப்போகும் இரண்டு செய்திகள் உண்டு. 1928 ஜனவரியில், அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி இருவரை வெளியே அனுப்பிவிட்டு, வேகமாக வேலை செய்யும் வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். கூலியும் மாறியிருந்தது. முன்பு பெரிய குழுவின் மொத்த உற்பத்தியில் பங்கு கிடைத்தது. சோதனை அறையில் அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கே பணம். ஆளும் மாறி, கூலியும் மாறிய இடத்தில் உயர்வுக்குக் கவனிப்புதான் காரணம் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? 1967இல் அலெக்ஸ் கேரி என்ற ஆய்வாளர் இதைத்தான் கடுமையாகக் கேட்டார்.

விளக்கொளிச் சோதனையின் கதை இன்னும் சுவையானது. அதன் மூலத் தரவுகள் அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் நம்பப்பட்டது. அவற்றைக் கண்டெடுத்து மறுபடி கணக்கிட்ட பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். விளக்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றப்பட்டன, மறுநாள் உற்பத்தி கூடியது. ஆனால் விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி சனிக்கிழமையைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது! ஆய்வு முறையியலில் வரும் 'குழப்பும் மாறி' (உண்மைக் காரணத்தோடு கலந்து நம்மை ஏமாற்றும் வேறொரு காரணி) என்ற கருத்தை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளின் ஆய்வுத் திறன் பகுதிக்கும் இதுவே உதவியது.

கம்பி இணைப்பு அறைக்கு வந்தால் பாடம் தலைகீழாகிறது. அங்கே இருந்த பதினான்கு ஆண்களும் கவனிக்கப்பட்டார்கள். கூடுதல் உற்பத்திக்குக் கூடுதல் கூலியும் இருந்தது. ஆனால் 'ஒரு நாளைக்கு இவ்வளவுதான்' என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். அதை மீறி வேகமாகச் செய்பவரின் மேற்கையில் ஒரு குத்து விழும். மிகக் குறைவாகச் செய்பவரையும் மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவரையும் குழு சும்மா விடவில்லை. குழு நெறி (குழு தனக்குள் வகுத்துக்கொள்ளும் எழுதாத விதி) என்ற தலைப்புக்கு அந்த ஒரு குத்தை நினைவில் வைத்தால் போதும்.

நம் நாட்டு ஆய்வொன்றைத் தவறவிடாதீர்கள். லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் செய்தது. தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. 224 தறிகள் கொண்ட கூடத்தில் வேலை பன்னிரண்டு வகையாகத் துண்டாடப்பட்டிருந்தது. 'இந்தத் தறிகள் எங்கள் பொறுப்பு' என்று சொல்ல எந்தக் குழுவும் இல்லை. தறிகளைப் பிரித்துச் சிறு குழுக்களிடம் ஒப்படைத்ததும் உற்பத்தி கூடியது, துணிச் சேதம் குறைந்தது. டிரிஸ்ட்டும் பாம்ஃபோர்த்தும் 1951இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதிய கட்டுரையுடன் இதைச் சேர்த்துப் படித்தால் சமூக-தொழில்நுட்ப அமைப்பு (இயந்திரத்தையும் மனிதக் குழுவையும் சேர்த்தே பார்க்கும் பார்வை) என்ற தலைப்பு முடிந்துவிடும். பல வழிகாட்டி நூல்களில் அகமதாபாத் ஒற்றை வரிகூடப் பெறுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

மனிதத் தேவைகளைப் படிநிலையாக அடுக்கிய மாஸ்லோவுக்கு அதிக நேரம் வேண்டாம். அவருடைய 1943 கட்டுரையில் பிரமிடு கிடையாது, அது பிற்காலத்தார் வரைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வேலையில் எது நிறைவு தருகிறது, எது அதிருப்தி தருகிறது என்று அறிய ஹெர்ஸ்பெர்க் பேட்டி கண்டது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரப் பொறியாளர்களையும் கணக்கர்களையும், மொத்தம் 203 பேர். ஆலைத் தொழிலாளிக்கு அது பொருந்துமா என்ற விமர்சனம் அந்த வரியிலேயே இருக்கிறது.

குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள்; கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் குறித்துவையுங்கள். மேலாண்மை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் விடாமல் எழுதுங்கள்.

முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் போகிறவர்கள் மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சனின் மருத்துவமனை ஆய்வையும் படிக்க வேண்டும். நல்ல செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு எதிரான எண்களே கிடைத்தன. அக்குழுக்கள் பிழையை மறைக்காமல் சொல்லின என்பதே அவர் கண்ட விளக்கம். உளவியல் பாதுகாப்பு (பிழையையும் ஐயத்தையும் அஞ்சாமல் சொல்ல முடியும் என்ற குழுவின் நம்பிக்கை) பற்றிய அவருடைய 1999 கட்டுரைக்கு வித்து அங்கே கிடைக்கிறது. எனக்கு நடந்த நேர்காணலில் கோட்பாடுகளை யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. 'உங்கள் கருதுகோளுக்கு நேர் எதிரான முடிவு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார்கள். இந்த ஆய்விலிருந்தே பதிலைத் தொடங்கினேன்.