வெல்டிங் ஓரத்து நீலக்கறையை மின்சாரம் வைத்து எடுத்த அனுபவம்

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) குழாயில் ஒரு கைப்பிடி செய்தேன். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையின் மின்பொறியால் உருக்கி ஒட்டுவது) முடிந்ததும் இணைப்பின் இரண்டு பக்கமும் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிவரியாக நிறம் ஏறியிருந்தது. கம்பி பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தேன். நிறம் போனது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். சில வாரங்களில் அதே வரிகளில் ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள் எழும்பின.

அப்புறம்தான் காரணத்தைத் தேடிப் படித்தேன். இந்த எஃகில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம். அதுதான் காற்றோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு காவல் படலத்தைப் போட்டுக்கொள்கிறது. வெல்டிங் சூட்டில் மேற்பரப்புக் குரோமியம் அந்த வண்ண ஆக்சைடுக்குள் போய்விடுகிறது. அடியில் மிஞ்சுவது குரோமியம் குறைந்த உலோகம். நிறத்தை மட்டும் சுரண்டினால் அந்தப் பலவீனமான அடுக்கு வெளியே வந்து நிற்கும். என் பிரஷ் வேறு சாதா இரும்புக் கம்பி; அதன் துகள்களையும் சேர்த்துப் பதித்துவிட்டேன்.

வெல்டிங் கறையை அமிலத்தால் கரைத்தெடுக்கும் பிக்ளிங் பேஸ்ட் பூசலாம்தான். ஆனால் அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. அதனால் மின்வேதியியல் முறைக்குப் போனேன். பவர் சப்ளையின் பிளஸ் முனையைக் குழாயில் கவ்வவிட்டேன். மைனஸ் முனையில் கார்பன் ஃபைபர் பிரஷ். திரவம், பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. 12 வோல்ட் வைத்து, பிரஷை நனைத்து மெதுவாக இழுத்தேன். சுர்ரென்று சத்தம், கொஞ்சம் ஆவி. நீலம் கண்ணெதிரே பழுப்பாகி, மஞ்சளாகி, சில நொடிகளில் வெறும் உலோகம் தெரிந்தது. பிரஷ் காய்ந்தால் பொறி பறக்கும், மேற்பரப்பில் புள்ளி விழும். அதனால் அடிக்கடி நனைக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, நல்ல காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். கெட்டியாகக் கருத்த இடம் இதற்கு மசியவில்லை. அங்கே முதலில் தேய்ப்பு வேலைதான்.

அமிலத்துக்குப் பதில் உப்புத் தண்ணீர் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உப்பில் இருக்கும் குளோரைடு எஃகில் குழி பறிக்கும். குளோரின் வாயுவும், நச்சான ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் உருவாக இடமுண்டு.

நான் கோட்டைவிட்டது கழுவும் இடத்தில். முழு நீளத்தையும் முடித்துவிட்டுக் கழுவலாம் என்று இருந்தேன். அதற்குள் முதலில் செய்த பகுதி காய்ந்து, வெள்ளை மூட்டம் படிந்துவிட்டது. திரும்பவும் நனைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த முறை ஒரு சாண் முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், உடனே துணியால் துடைப்பு. பயன்படுத்திய திரவத்தில் குரோமியமும் நிக்கலும் கரைந்திருக்கும் என்பதால் சாக்கடையில் ஊற்றாமல், ரசாயனக் கழிவாகக் கொடுக்கத் தனிக் கேனில் பிடித்து வைத்தேன்.

கடைசியாகக் காப்பர் சல்பேட் சோதனை. உணவு படும் பொருளில் இதைச் செய்யக்கூடாது, கைப்பிடிக்குச் சரி. கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரமாகவே வைத்தேன். இரும்புத் துகள் மிஞ்சியிருந்தால் அங்கே செம்பு படியும். வளைவின் உட்பக்கத்தில் இரண்டு செம்புப் புள்ளிகள் தெரிந்தன. அந்த இடத்தை மட்டும் மறுபடி பிரஷால் ஓட்டி, கழுவி, திரும்பச் சோதித்தேன். செம்பு எங்கேயும் படியவில்லை.